உப்பும் தீப்பெட்டியும் பாஸ்வேர்டும்

கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விகளை உலகத்தில் யாரும் முழுதாக வாசிப்பதில்லை. ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும், ஏதோ கேட்கும். நாம் "சரி, சரி, போ" என்று விரலால் தட்டி அனுப்பிவிடுவோம். நான் மட்டும் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அப்படியொரு கேள்வியை நிறுத்தி, நிதானமாக வாசித்து, யோசித்து, நல்ல மனதோடு பதில் சொன்னேன். அதனால்தான் நாசமாய்ப் போனேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் நிலையம் நடத்திக்கொண்டிருந்தேன். நிலையம் என்றால் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கதிரை, ஒரு டெலிபோன் லைன். "மணிவண்ணன், முகாமையாளர்" என்று விசிட்டிங் கார்ட் வேறு அடித்து வைத்திருந்தேன். (முகாமை செய்ய அங்கே என்னை விட்டால் ஒரு பல்லிதான் இருந்தது.) மழை பிடித்துக்கொண்டால் ஆள் வராது. ஹட்டனில் மழை பிடிக்காத நாள் எது? அந்த நேரமெல்லாம் இன்டர்நெட்டில் அரட்டை அடிக்கிற மென்பொருள் ஒன்றைத் திறந்து, கொழும்பில் வேலை பார்த்த என் கூட்டாளி ரவியோடு எழுதிக்கொண்டிருப்பேன். அதில் நான் எனக்கு வைத்திருந்த பெயர் "ஹட்டன் சிங்கம்".

சிங்கம் எழுதியதெல்லாம் ஒரே விஷயம்தான். கோமதி டீச்சர்.

எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவின் மகள் அவர். கண்டாக்கு என்றால் பஸ் கண்டக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலை மலையில் வேலையை மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார், யார் எந்த மலைக்குப் போவது என்று சொல்லுவார். என் அப்பா ராமையா வாழ்நாள் முழுக்க அந்தக் குரலுக்கு "ஐயா" என்று பதில் சொன்னவர். அவர்களுக்கு ஸ்டாஃப் குவாட்டர்ஸ், எங்களுக்கு லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே ஒரு காம்பரா. நடுவில் ஒரு பத்துப் படிதான் இருக்கும். அந்தப் படியை ஏறி அப்பா வாசல் வரைக்கும் போவார், நிற்பார், திரும்பி வருவார். உள்ளே போனதே கிடையாது.

டீச்சர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். நான் காலையில் பஸ்ஸுக்கு இறங்குகிற ரோட்டில்தான் அவர் ஏறிப் போவார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "பஸ் போயிருச்சே" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நானும் ரவியும் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தோம். "போயிருச்சு என்று சொல்லாமல் போயிருச்சே என்று ஏன்டா சொன்னாங்க?" என்று நான் கேட்பேன். "போய் நேர்லயே கேளுடா" என்பான் அவன். கண்டாக்கு ஐயாவின் மீசையைத் தூரத்தில் கண்டாலே நான் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கிவிடுவேன். அதையும் வெட்கமில்லாமல் ரவிக்கு எழுதி வைத்தேன்.

அந்த வருஷக் கடைசியில் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. நிலையத்தை மூட முடிவு செய்தேன். (பல்லிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம்.) அதே சமயம் கண்டாக்கு ஐயாவின் மகன் சுரேஷ் படிக்க லண்டன் போய்விட்டார். அம்மா, அதாவது கண்டாக்கு ஐயாவின் மனைவி, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சோறு தண்ணி இறங்கவில்லை என்று படுத்துவிட்டாராம். பெரட்டில் வைத்து ஐயா அப்பாவிடம் சொன்னார்:

"ராமையா, ஒம் மவன் கம்ப்யூட்டர விக்கப் போறானாமே? எங்க வீட்டுக்குக் குடுக்கச் சொல்லு. அவனே வந்து வயரெல்லாம் பூட்டியும் குடுக்கணும்."

அப்பா அன்றைக்கு லயத்துக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். "கண்டாக்கு ஐயா நம்மகிட்ட கேக்குறாருடா! ஒரு கொறையும் வந்துறக் கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

குறையே வரக்கூடாது என்றுதான் நானும் பாடுபட்டேன். ஐயாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், கடுதாசியை எட்டப் பிடித்துத்தான் வாசிப்பார். அதனால், முகம் பார்த்தும் பேச முடிகிற அந்த அரட்டை மென்பொருளில் எழுத்தை உள்ளதிலேயே பெரிசாக்கி வைத்தேன். பிறகு யோசித்தேன். இது பழைய பதிப்பு. ரவி அனுப்பிய சீடியில் புதுசு இருக்கிறது. பழசை அழித்துவிட்டு அவர்கள் வீட்டில் வைத்துப் புதுசைப் போட்டால், என் கணக்கு, என் சிங்கம், என் புலம்பல் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். வீட்டை இடித்தால் உள்ளே இருக்கிற பாய் தலையணை மட்டும் அந்தரத்தில் நிற்குமா என்ன?

அழிக்கிற பொத்தானை அமுக்கினேன். அப்போதுதான் அந்தப் பெட்டி எட்டிப் பார்த்தது. உங்களுடைய சொந்த அமைப்புகளையும் சேர்த்து நீக்கிவிடவா, ஆமா, இல்லை?

அமைப்புகள் என்றால் என்ன? நான் பெரிசாக்கி வைத்த எழுத்து. அதுவும் போய்விட்டால் ஐயா என்னத்தை வாசிப்பார்? எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. நாங்கள் ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு மாறியபோது அம்மா எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். அடுப்புப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் உப்பும் ஒரு தீப்பெட்டியும் வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். "பின்னால வர்றவங்க வந்த ஒடனே அடுப்புப் பத்த வைக்கணும்ல? தொடச்சு எடுத்துட்டுப் போறது மனுசத்தனமா?" என்றார்.

நானும் மனுசத்தனத்தோடு "இல்லை" என்பதை அமுக்கினேன். என் பாஸ்வேர்டும் அந்த உப்போடு சேர்ந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்பா பெரிய மானிட்டரைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளையார் சிலையைக் கொண்டுபோகிற பக்தியோடு படியேறினார். வாசலில் இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். ஐயா சாய்மனைக் கதிரையில் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். சுரேஷின் அம்மா பட்டுச் சேலை கட்டிப் பூவும் வைத்திருந்தார், கேமராவில் மகன் பார்ப்பான் என்று. கோமதி டீச்சர் டெலிபோன் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். இதே தோட்டத்தில் பிறந்து இதே ரோட்டில் நடந்தவன், அன்றைக்கு இங்கிலீஷ் துரை மாதிரி, "இப்ப டயல் ஆகும்... இப்ப கனெக்ட் ஆகும்..." என்று விளக்கம் வேறு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சீடியைப் போட்டேன். மென்பொருள் ஏறியது. டெலிபோன் லைன் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. புதுப் பெயர் கேட்கும் என்று காத்திருந்தேன். அது எதையும் கேட்கவில்லை. நெடுநாள் காணாத சொந்தக்காரனைக் கண்டதுபோல, "வருக, ஹட்டன் சிங்கம்!" என்றது.

நான் அதை மூடப் பாய்வதற்குள் டிங் என்று ஒரு சத்தம். ரவி!

பாழாய்ப்போன அந்தப் பெரிய எழுத்தில், திரை கொள்ளாமல், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் வந்து நின்றது. எனக்கு மவுஸ் பிடிபடவில்லை. பின்னால் சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. கண்டாக்கு ஐயா கண்ணாடிகூட இல்லாமல், கதிரையில் இருந்தபடியே, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற அதே குரலில் வாசித்தார்:

"என்... னடா... சிங்கம். கண்... டாக்கு... மகள்கிட்ட... சொல்லிட்டியா... இல்லையா?"

அந்தக் குரல் வாசலைத் தாண்டியது. படியைத் தாண்டியது. லயத்துக்கும் போயிருக்கும், சந்தேகமே இல்லை.

"எந்தக் கண்டாக்கு?" என்றார் ஐயா.

"அது... அது வேற தோட்டத்துக் கண்டாக்குங்க ஐயா."

டிங்.

"இன்னும்... அந்த... மீசைக்கு... பயமா?" என்று அதையும் வாசித்து முடித்தார். பிறகு மெதுவாகத் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் அப்படியொரு மீசை அவருக்கு மட்டும்தான் இருந்தது.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். என் மானம் போனால் போகட்டும், நாளைக்குக் கொழும்புக்கு ஓடிவிடுவேன். அப்பா எங்கே ஓடுவார்? நாளைக் காலையில் இதே மனிதருக்கு முன்னால்தானே போய் நிற்க வேண்டும்? வாசலைப் பார்த்தேன். அப்பா தலைச் சுமாட்டுத் துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, நிலைப்படி வரைக்கும் வந்திருந்தார்.

"ஐயா, பய சின்னப்பய... தெரியாம ஏதும்..."

அப்போது திரையில் எல்லாம் நின்றுபோனது. கோமதி டீச்சர் டெலிபோன் வயரைக் கையில் பிடித்திருந்தார். "லைன் கழண்டுருச்சுப்பா" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"கழண்டுருச்சா?" என்று அலறினார் அம்மா. "ஐயோ, எம் புள்ள அங்க காத்துக்கிட்டு இருப்பானே! சிங்கமாவது புலியாவது, அதெல்லாம் பொறவு பாத்துக்கங்க. தம்பி, எம் புள்ளையக் காட்டு!"

அந்த அம்மாவை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். நான் முதல் வேலையாகச் சிங்கத்தை வெளியேற்றினேன், வயரை மறுபடி பூட்டினேன், புதுக் கணக்கைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் வந்தது. அதற்குள்ளே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சுரேஷ். அசைவு விட்டு விட்டுத்தான் வந்தது.

"மெலிஞ்சு போயிட்டியேடா" என்று அம்மா திரையைத் தடவினார். ஐயா எழுந்து வந்து பின்னால் நின்றார். நான் பயந்து செத்த அந்த மீசை லேசாகத் துடித்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கேட்டால் பயத்தில் அழுதேன் என்று சொல்லுவேன்.

அந்தச் சந்தடியில் டீச்சர் ஒரு காரியம் செய்தார். வாசலுக்குப் போய், "உள்ள வாங்க, டீ ஆறிரும்" என்று அப்பாவைக் கூட்டிவந்து கதிரையில் உட்கார வைத்தார். அப்பா நுனியில் உட்கார்ந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஐயா திரும்பிப் பார்த்தார். அப்பா எழும்பப் பார்த்தார். "இரு, இரு. டீயக் குடி" என்றார் ஐயா.

நாங்கள் புறப்படும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, எழுத்து நல்லாத் தெரியுது."

படி இறங்கும்போது அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அடி விழப் போகிறது என்று நினைத்தேன். லயத்துக்குக் கிட்ட வந்ததும் சொன்னார்: "அந்தக் கதிர நல்லா மெத்துன்னு இருந்துச்சுடா."

கொழும்புக்குப் போன பிறகு ஒரு மத்தியானம், சிங்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. கண்டாக்கு ஐயா வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்து. "அன்னைக்கு ஒங்க கூட்டாளி கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலயே?"

அந்த "யே"யை நான் ரவியிடம் ஆராய்ச்சிக்குக் கொடுக்கவில்லை. நிறைய எழுதி எழுதி அழித்துவிட்டு, "இன்னும் சொல்லலைங்க டீச்சர்" என்று அனுப்பினேன்.

"இப்பச் சொல்லலாம். அப்பா மலைக்குப் போயிட்டாரு" என்று பதில் வந்தது.

மீசையைச் சம்மதிக்க வைப்பதற்குள் மீசையே நரைத்துவிட்டது. கோமதியின் அம்மா பட்டினி கிடந்தார். சுரேஷ் லண்டனிலிருந்து அதே திரையில் வந்து வந்து வாதாடினார். கடைசியில் கல்யாணம் பேச என் அப்பா அம்மா அந்தப் படியேறிப் போனபோது, அப்பா நேரே போய் அதே கதிரையில் உட்கார்ந்தாராம். கோமதி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது மறுபடியும் ஹட்டனில்தான் கடை வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் திருத்துகிற கடை. மென்பொருளை அழிக்கும்போது அமைப்பு, பாஸ்வேர்ட் எல்லாமே போய்விட வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு தீர்ப்பு உண்டு. "உப்பையும் தீப்பெட்டியையும் விட்டு வைக்கலாம். சாவியை விட்டு வைக்கக் கூடாது. ரெண்டையும் தனித்தனியாக் கேட்கணும்" என்று மேசையைத் தட்டிச் சொல்லுவேன். கோமதி பக்கத்தில் இருந்தால் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி ஆகும். "சாவிய விட்டுட்டு வந்ததாலதான் ஒங்களுக்கு ஒரு வீடு கெடைச்சுச்சு" என்பாள்.

என் மாமாவாகிவிட்ட கண்டாக்கு ஐயாவுக்கு இப்போது பார்வை ரொம்பவே மங்கிவிட்டது. புதுப் போன் வாங்கினால் என்னிடம்தான் கொண்டுவருவார். எழுத்தை எவ்வளவு பெரிசாக வைக்க என்று கேட்பேன். வீடு நிறைய ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து, அதே பெரட்டுக் குரலில் சொல்லுவார்:

"உள்ளதுலயே பெருசா வைங்க மாப்புள. ஒங்க மனசுல உள்ளத நான் தூரத்துல இருந்தே படிச்சவன்."