பாபகூராவின் சிறப்புப் பண்டம்

மேலான கல்வி மரபுகளைப் போற்றும் பொருட்டு, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர நடுவில் இருந்த ஓர் ஆங்கில மொழிக் கல்லூரி 1994ஆம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யப்பானிலிருந்து வந்த மாணவர்கள் முதல் நாளே தத்தம் ஊர் இனிப்பை ஆசிரியர்களிடம் நீட்டியதுதான் காரணம். ஓர் ஊருக்குப் போய்வந்தால் அந்த ஊர்ப் பண்டத்தோடு வரவேண்டும். வாங்கியவர் பதிலுக்குக் கொடுக்கவேண்டும். அது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான், அதிபர் கிளமென்ட் கையில் அகப்படும்வரை.

மலேசியத் தமிழரான கிளமென்ட் எழுதினார்: "வெளியூர் சென்று மீளும் ஆசிரியர் எவராயினும் அவ்வூரின் சிறப்புப் பண்டத்தை மாணவருக்கு வழங்கக் கடமைப்பட்டவராவார்."

யோகராஜா அங்கே தற்காலிக ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். கல்வித் தவணை முடிவில் வேலை நிரந்தரமானால்தான் வீடு வாங்க மோர்ட்கேஜ் கிடைக்கும். ஆகவே மனுசன் மூச்சுக் காட்டாமல் இருந்தார். ஆனாலும் கிளமென்ட் கூப்பிட்டார்.

"யோகராஜா, இன்னிக்கு என்ன கொண்டாந்தீங்க?"

"நான் ஒரு இடமும் போகேல்லையே, சேர். வீட்டிலயிருந்துதான் வாறன்."

"வீடு எங்க?"

"பாபகூரா."

"ட்ரெயின்லதானே வர்றீங்க? அப்ப வெளியூருதான் லா. தினம் போறீங்க, தினம் வர்றீங்க. தினம் கொண்டாங்க."

நகரின் தெற்குப் புறநகரான பாபகூராவை யோகராஜா ஒரு சுற்றுச் சுற்றினார். கடைகள் இருந்தன, எல்லா ஊரிலும் இருக்கிற கடைகள். கிட்ட ஒரு ராணுவ முகாம் இருந்தது. முகாமுக்குள் போய் எதையாவது கேட்டு வாங்கிவரும் பழக்கம் யாழ்ப்பாணத்தாருக்கு இல்லை. சோர்ந்துபோய் வந்தவரை மனைவி விக்ரோறியா தேற்றினாள்.

"உழுந்து ஊறப் போட்டிருக்கிறன். வடை கொண்டுபோங்கோ."

"வடை பாபகூராச் சாமானே?"

"ஊறினது பாபகூராத் தண்ணி. சுடப்போறது பாபகூரா அடுப்பு. பிறகென்ன?"

மாணவர்கள் வடையை இரு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கி, துளைக்குள்ளால் ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். மறுநாள் பதிலுக்கு விசிறி வந்தது. விக்ரோறியா லேசுப்பட்டவளா? வடையோடு சம்பலும் அனுப்பினாள். பட்டுத்துணி வந்தது. சட்டி பாரமாகவே, அவளே ரயிலேறி வந்து, பிள்ளைகளுக்கு விளங்குமா என்று பாராமல் தமிழிலேயே பரிமாறினாள். முதல் பாடம் கொடுத்தல், இரண்டாம் பாடம் நன்றி கூறல், மூன்றாம் பாடம் உண்ணல். இலக்கணம் லீவில் போய்விட்டது.

இன்னோர் ஆசிரியை ரதிதேவி ஏதோ அலுவலாகப் பென்ரோசுக்குப் போனாள். அங்கே தொழிற்சாலைகளை விட்டால் என்ன இருக்கிறது? ஒரு பிடி ஆணியை வண்ணத்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். அதையும் இரு கையாலும் வாங்கினார்கள். பாவம், பண்பான பிள்ளைகள்.

தவணை முடிவில் வாய்மொழித் தேர்வு. கிளமென்ட் தாமே வந்து உட்கார்ந்து, நவோகோ என்ற மாணவியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இங்கே என்ன கற்றாய்?

நவோகோ குனிந்து வணங்கி, அட்சரம் பிசகாமல் சொன்னாள்: "இன்னும் ரெண்டு தாங்கோ. சம்பல் காணும், போதும்."

யோகராஜா மனதுக்குள் கணக்குப் போட்டார். வேலையும் போச்சு, வீடும் போச்சு. கிளமென்ட் கண்ணை மூடி யோசித்தார்.

"நல்லா பேசுது லா. இதையே தனி வகுப்பா வைப்போம். பாபகூரா உரையாடல்."

"சேர், இது தமிழ். உங்களுக்கும் தெரியும்தானே?"

"தெரியும் லா. தமிழ்னு போட்டா யாரு வருவா? நீங்க பெர்மனன்ட். பேசாம இருங்க."

யோகராஜா பேசாமல் இருந்தார். மோர்ட்கேஜ் கிடைத்தது.

அடுத்த தவணை வகுப்பு நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் யப்பானியர் அல்லர். பாபகூராவிலும் கிளென்ஃபீல்டிலும் இருக்கிற நம்மவர்கள். வீட்டில் பிள்ளைகளோடு மறந்தும் தமிழ் கதைக்காதவர்கள், யப்பான்காரரே படிக்கிற பாஷை என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளை இழுத்துவந்து வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக, மகள் ஜெனுஷாவின் கையைப் பிடித்தபடி விக்ரோறியா.

யோகராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டில நாங்கள் கதைச்சாக் காணாதே?"

"வீட்டில கதைச்சா சேர்ட்டிபிக்கட் ஆர் தாறது?"

உதவி ஆசிரியையாகிவிட்ட நவோகோ, கல்லூரி வழக்கப்படி வாசலில் நின்று இரு கையையும் நீட்டினாள். "வாங்கோ தங்கச்சி. பாபகூராவிலயிருந்து என்ன கொண்டந்தனீங்கள்?"

ஜெனுஷா தாயை அண்ணாந்து பார்த்தாள். "மம், வாட் இஸ் ஷீ சேயிங்?"

விக்ரோறியா அதை மகளுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள்.