செருப்பை வெளியே விடவும்

மனித இனம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததே, பின்னொரு காலத்தில் அதைக் கழற்றி மாட்டுவதற்கென்று திட்டம் சார் தம் வீட்டில் ஓர் அறை அமைப்பார் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையில் பாதியை அவர் காப்பாற்றினார். அறையை அமைத்தார்.

'திட்டம் சார்' என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அங்கே அவர் திட்டப் பிரிவின் தலைவர். அவர் பொறுப்பேற்ற நாள் முதல் அந்தப் பிரிவில் ஒரு திட்டமும் தோற்றது கிடையாது. தோற்பதற்கு முதலில் தொடங்க வேண்டும் அல்லவா? அப்படிப்பட்ட மாசற்ற சாதனையாளர், ஒரு விடுமுறை நாள் காலை காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்.

"இனிமே நம்ம வண்டியை நாமளே பார்த்துக்கறோம்."

மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். வண்டி அவளுடையது; பழைய வெள்ளைக் கார், அதில்தான் டூட்டிக்குப் போய் வருகிறாள். அன்று காலை அவள் சொன்ன விஷயம் சின்னது. பிரேக்கை மிதித்தால் கால் முன்னைவிட ஆழமாகப் போகிறது. வண்டி நின்ற இடத்தில், பின்சக்கரத்துக்கு அடியில் ஈரம் தெரிகிறது. தெருமுனை மெக்கானிக்கிடம் ஒரு நடை காட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"மெக்கானிக்கா? வீட்டுல இவ்வளவு பெரிய கராஜ் இருக்கு. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு எவனாவது நெய்க்கு அலைவானா?"

அந்த 'வெண்ணெய்' அப்போது உடைந்த கட்டிலும் பழைய அட்டைப்பெட்டிகளும் அடைந்து கிடந்த ஓர் இருட்டறை. ஆனால் அதன் அமைவிடம் அபாரமானது. தெரு மேட்டிலிருந்து சரிந்து இறங்கி, நேராக அந்தக் கராஜ் வாசலில் வந்துதான் முடியும். "பாரு, தெருவே நம்ம ஒர்க் ஷாப்புக்குத்தான் வருது," என்று அவர் பெருமைப்பட்டார்.

"எப்ப முடியும்?" என்றாள் மனைவி.

"எதையும் முறைப்படி செய்யணும்ல?"

'முறைப்படி' என்றதும் அவள் முகம் மாறியது. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றுவதையும் அவர் முறைப்படிதான் தொடங்கியிருந்தார். குழாய்க்கு அடியில் வைத்த வாளி இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அவள் முகம் மாறியதை அவர் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே சாப்பாட்டு மேஜையில் 'பணிமனை அமைப்பு ஆலோசனைக் குழு' கூடியது. தலைவர் அவரே. தொழில்நுட்ப ஆலோசகர், மனைவியின் தம்பி. உலகத்தில் எந்தெந்த நாட்டில் எவனெவன் எந்தக் காரைக் கழற்றுகிறான் என்பதையெல்லாம் போனில் பார்த்தவன். சொந்தமாகக் கழற்றியது அந்தப் போனின் உறையை மட்டும்தான். சிறப்பு உறுப்பினர், எதிர்வீட்டு ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். வண்டிக்குச் சொந்தக்காரியான மனைவிக்கு 'பயனாளி' என்ற அந்தஸ்து. பயனாளிக்கு ஓட்டு கிடையாது. டீ கொண்டுவரும் உரிமை உண்டு.

"முதல்ல தரை, மாமா," என்றான் மச்சினன். "வீடியோல எல்லாம் பாருங்க, தரையில முகம் தெரியும்."

"யாரு முகம்டா? வண்டி முகமா?" என்றாள் பயனாளி, தட்டை வைத்தபடி.

"நட்டு கீழ விழுந்தா கண்ணுல படணும்ல அக்கா."

"நட்டைக் கழட்டினாத்தானேடா விழும்?"

"ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது," என்றார் தலைவர். தரை ஒருமனதாக நிறைவேறியது.

தரைக்கு எபாக்சி என்ற பூச்சு வந்தது. ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதற்கு மேல் மினுமினுப்புக்கு மூன்றாவது. பூசி மெழுகுவதில் அலுவலகத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது, வீட்டில் கேட்க வேண்டுமா? வேலை முடிந்தபோது, தரை தண்ணீர் தேங்கிய மாதிரி பளபளத்தது. ஆய்வாளர் முட்டி போட்டு, விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆபரேஷன் தியேட்டர் தோத்துது சார். ஒண்ணு மட்டும் கேளுங்க. யாரையும் செருப்போட உள்ள விட்டுடாதீங்க."

மறுநாளே வாசலில் பலகை ஏறியது: 'செருப்பை வெளியே விடவும்.' முதலில் கீழ்ப்படிந்தவள் மனைவிதான். அவளுடைய வெள்ளை டூட்டிச் செருப்பு, வார்டு வார்டாக நடந்து குதிகால் தேய்ந்த செருப்பு, அந்த வாசலில் ஓரமாகக் கிடக்கும். அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்.

அடுத்து சாமான்கள் வந்தன. காரைத் தூக்க ஜாக்கி, தூக்கினதைத் தாங்க ஸ்டாண்டு, காற்றடிக்கும் கம்ப்ரெஸர். எல்லாவற்றுக்கும் மகுடமாகப் பின்சுவர் முழுக்க ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தையே கறுப்பில் வரைந்து, ஆணி அடித்து, மேலே அந்த ஸ்பேனரை மாட்டினார். நட்டநடுவே ஆள் கை நீளத்துக்குப் பெரிய ஸ்பேனர். எது எந்த வண்டிக்கு என்று அவருக்குத் தெரியாது. எது எந்த ஆணிக்கு என்று தெரியும்.

ஒருநாள் மச்சினன் தன் பைக் கண்ணாடியை முறுக்கச் சின்ன ஸ்பேனர் ஒன்றை எடுத்துவிட்டான். பலகை பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. திட்டம் சாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"எடுக்கறதுக்காடா வாங்கி வெச்சிருக்கேன்?"

"கண்ணாடி ஆடுது மாமா..."

"ஆடட்டும். பலகையைப் பாரு, எப்படி இருக்கு!"

ஸ்பேனர் துடைக்கப்பட்டு ஆணிக்குத் திரும்பியது. அதோடு, இனி எந்தச் சாமானையும் எடுக்கக்கூடாது என்பது நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையில் பிரேக்கும் தன் வேலையை முறைப்படி செய்துகொண்டிருந்தது. ஒரு மிதியில் பிடித்தது இரண்டு மிதிக்குப் போய், இரண்டு மூன்றாகியது. மனைவி வண்டியில் பிரேக் ஆயில் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு ஊற்றி ஊற்றி ஓட்டினாள். சிக்னலில் கை தானாகவே ஹேண்ட் பிரேக்குக்குப் போயிற்று. ஒழுகலின் தீவிரத்தைத் திட்டம் சாரும் உணராமல் இல்லை. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்தார்.

"தட்டு வெச்சா பிரேக் பிடிக்குமா?"

"பிரேக் பிடிக்காது. கறை பிடிக்காது."

அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அவன்கிட்ட போய் என்ன சொல்லி வெச்சீங்க?"

"உண்மையைத்தான் சொன்னேன். இனி எங்க வண்டி உன் கடைக்கு வராது, உனக்கு ஏதாவது சந்தேகம்னா எங்க ஒர்க் ஷாப்புக்கு வான்னு."

"அவன் ரோஷப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். சார் வந்து சொன்னாத்தான் கையை வைப்பானாம்."

"பார்த்தியா? இப்பவே போட்டின்னு பயப்படறான்."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "தரை காஞ்சாச்சு. சாமான் வந்தாச்சு. வண்டியை உள்ள விடறேன். இன்னைக்கே அந்தச் சக்கரத்தைக் கழட்டிப் பாருங்க."

திட்டம் சாருக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது.

"ஒழுகற வண்டியை அந்தத் தரையிலயா? முதல்ல ஒழுகல் நிக்கட்டும். அப்புறம் உள்ள விடலாம்."

"ஒழுகலை நிறுத்தத்தானே உள்ள விடணும்?"

இந்த மாதிரிக் கேள்விகளை அலுவலகத்திலும் சிலர் கேட்பார்கள். அங்கே சொல்லும் பதிலையே இங்கேயும் சொன்னார். "கமிட்டியில வைப்போம்."

"எனக்குப் பயமா இருக்குங்க. மேட்டுல இறங்கும்போது உசிரு கையில இல்ல."

அவர் மனம் இளகிவிட்டது. மனைவியின் பயத்தை 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் அவசரக் கூட்டத்தில் வைத்தார். குழு விவாதித்தது. கராஜ் சுவரில் ஒரு தீயணைப்பு உருளை மாட்டப்பட்டது, ரத்தச் சிவப்பில், பலகைக்கு எடுப்பாக. மனைவிக்கும் ஒரு வாக்குறுதி கிடைத்தது. "திறப்பு விழா அன்னைக்கு முதல் வண்டி உன்னோடதுதான். உள்ள விடறோம், சக்கரத்தைக் கழட்டறோம், வேலையை முடிக்கிறோம். போதுமா?"

அவள் நம்பினாள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிய பிறகும் நம்பினாள். அதுதான் அவள் செய்த ஒரே பிழை.

திறப்பாளர், அலுவலகத்தின் பெரிய சார். அவருக்காக விழா தள்ளிப்போய், அவருடைய சௌகரியத்துக்காக இன்னொரு முறையும் தள்ளிப்போய், கடைசியில் ஒரு நாள் உறுதியானது. அதற்கு முந்தின நாள் திட்டம் சார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன மாற்றம். முதல் வண்டி பெரிய சாரோடது."

"அவர் வண்டியில என்ன ரிப்பேர்?"

"ரிப்பேரா? புது வண்டி! ஒரு சொட்டு ஒழுகாது. ரிப்பேர் இல்லாத வண்டியா இருந்தாத்தானே விழா தடங்கல் இல்லாம நடக்கும்?"

"அப்ப என் வண்டி?"

"அடுத்த வாரம் கண்டிப்பா. நாளைக்கு டூட்டி முடிஞ்சு வரும்போது மட்டும் தெருமுனையிலயே நிறுத்திட்டு நடந்து வந்துடு. போட்டோவுல விழுந்தா நல்லா இருக்காது."

அவள் பதில் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று குழு எடுத்துக்கொண்டது.

விழா கண்கொள்ளாக் காட்சி. கராஜ் ஷட்டர் திறந்திருக்க, வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். தெருவின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, அலுவலகமே வந்து உட்கார்ந்திருந்தது. பெரிய சாரின் வண்டி ஓரமாகத் தயாராக நின்றது. பெரிய சார் கையில் கத்திரிக்கோல். திட்டம் சார் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு வீட்டின் பாதுகாப்பு என்பது..."

மேட்டிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு அல்ல, ஒரே நீளமாக.

"...அந்த வீட்டு வாகனத்தின் பாதுகாப்பு! இந்தப் பணிமனைக்கு வருகிற எந்த வண்டியும்..."

"சார், வண்டி வருது சார்!" என்று ஆய்வாளர் கத்தினார்.

அவர் சொன்னபடி மனைவி தெருமுனையில்தான் நிறுத்தப் பார்த்தாள். மிதித்தாள்; மிதி தரையைத் தொட்டது. இன்னொரு முறை மிதித்தாள், அங்கேயே கிடந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி, ஒரு கையால் ஹாரனை அழுத்தியபடி சரிவில் இறங்கினாள். இடது பக்கம் மனிதர்கள், வலது பக்கம் மனிதர்கள். எதிரே ஆள் இல்லாமல் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். இத்தனை மாதமாக அதைக் காலியாக வைத்திருந்ததற்காகத் திட்டம் சாருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெரிய சார் ஒரு பக்கம் பாய்ந்தார், திட்டம் சார் மறு பக்கம் பாய்ந்தார். வெள்ளைக் கார் ரிப்பனை அறுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. சக்கரங்கள் பூட்டிக்கொண்டும் நிற்கவில்லை. மூன்று பூச்சுப் பளபளப்பில் வழுக்கிக்கொண்டே போய்ப் பின்சுவரில் இடித்து நின்றது. பலகையிலிருந்த ஸ்பேனர்கள் எல்லாம் முதல்முறையாக ஒரு காரின் மேல் பட்டன.

சத்தம் அடங்கியது. கார் கதவு திறந்தது. குதிகால் தேய்ந்த வெள்ளைச் செருப்புக் கால் ஒன்று மெதுவாக வெளியே நீண்டது.

திட்டம் சார் ஓடினார். தலைதெறிக்க ஓடினார். கூட்டம் வழிவிட்டது. "பாவம், பொண்டாட்டின்னா உசிரு," என்று யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வாசலுக்கு வந்தவர் சட்டென்று நின்று, தம் செருப்பை இரண்டு காலிலிருந்தும் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே பார்த்து அலறினார்.

"செருப்பு! செருப்போட காலை வைக்காதே!"

அவள் காலை வைத்தாள். இரண்டு காலையும் வைத்தாள். நெற்றியில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிரேக் பிடிக்கலங்க," என்றாள். "கமிட்டியில வெச்சிடுங்க."

பிறகு குனிந்து வலது காலின் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"அக்கா, வேணாம்கா!" என்று மச்சினன் கண்ணைப் பொத்திக்கொண்டான். பெரிய சார் இரண்டு எட்டு பின்வாங்கினார். திட்டம் சாரின் கை தானாகவே கன்னத்துக்குப் போனது.

அவள் எறியவில்லை. கீழே சிதறிக் கிடந்த ஸ்பேனர்களைத் தாண்டிச் சுவருக்குப் போனாள். நட்டநடு ஆணியில், பெரிய ஸ்பேனருக்கென்று வரைந்த கறுப்பு உருவத்தின் மேல், வாரைக் கொடுத்து அந்தச் செருப்பை மாட்டினாள். ஒற்றைச் செருப்போடு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், மெக்கானிக் கடை இருக்கும் மேட்டைப் பார்த்து நடந்தாள்.

ஒர்க் ஷாப் இன்று பழைய பொலிவுக்குத் திரும்பிவிட்டது. தரைக்கு மறுபடியும் மூன்று பூச்சு. ஸ்பேனர்கள் அத்தனையும் அதனதன் ஆணியில். வெள்ளைக் கார் இப்போது மெக்கானிக் கடைக்குத்தான் போகிறது. மனைவி சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. நடு ஆணியில் இருப்பதை மட்டும் எடுக்கத் திட்டம் சாருக்குத் தைரியம் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். சொல்லியிருக்கலாம். அந்த ஒர்க் ஷாப்பிலேயே உழைத்துத் தேய்ந்த பொருள் அது ஒன்றுதான்.