கம்பியர் கட்டிய பழுதான சுருள்

பலேர்மோவில் வாழ்கிற தமிழர்களிலேயே மூச்சைப் பற்றி அதிகம் யோசித்தவர் கம்பியர்தான். யோகாசனம் செய்கிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் காலையில் அரைமணி நேரம் யோசித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கம்பியர் வேலையிலும் யோசித்தார், பஸ்ஸிலும் யோசித்தார், நான் வேர்த்து விறுவிறுத்துச் சமைத்த சோற்றைத் தின்றுகொண்டும் யோசித்தார்.

ஒரேத்தோத் தெருவில் ஒரு நாலாம் மாடி வீட்டில் நானும் அவரும் ஆறு வருடம் சேர்ந்திருந்தோம். முகத்துக்கு முன்னால் அவரை அண்ணை என்பேன், முதுகுக்குப் பின்னால் கம்பியர். சிகரெட்டை விட்டவர்கள் ஊதுகிறார்களே, வேப், அதற்குள் இருக்கிற சின்னக் கம்பிச் சுருளைத் தன் கையால் கட்டுவதுதான் அவருடைய பைத்தியம். மற்றவர்கள் கடையில் கட்டி விற்கிற சுருளைப் போட்டு, கருகியதும் எறிந்துவிடுவார்கள். கம்பியருக்கு அது கடைச் சாப்பாடு. நூல் பருமனான கம்பியை ஒரு மெல்லிய தண்டில் ஆறு சுற்றுச் சுற்றி, பற்றரியில் கொடுத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவக்கிறதா என்று பார்ப்பார். சிவந்து ஆறியபிறகுதான் பஞ்சுத் திரியை உள்ளே நுழைப்பார். இறுக்கினால் திரவம் ஏறாமல் பஞ்சு கருகும், தளர்த்தினால் உள்ளே வெள்ளம் போடும். இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய சொர்க்கம் இருந்தது.

ஒருநாள் பருப்புக் கறியில் என் பல்லில் ஏதோ நறுக்கென்றது. துப்பிப் பார்த்தால் ஒரு சுருள்.

"கடிச்சுப்போடாதை! காலமை முழுக்கத் தேடின சாமான் அது!" என்று பாய்ந்து வந்து வாங்கிக் கழுவினார். என் பல்லைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

மனிதர்களையும் அவர் கம்பியாகத்தான் பார்த்தார். எனக்குக் கிடைத்த பட்டம் நைக்ரோம், ஒருவகைக் கம்பி. "சட்டெண்டு கொதிப்பாய், சட்டெண்டு ஆறுவாய். உன்னோடை சண்டை பிடிச்சாலும் சுகம்." வேலைக்குப் போய் அவர் பராமரித்த கிழவர் கான்தால், இன்னொருவகைக் கம்பி. "சூடாக நேரம் எடுக்கும் தம்பி. ஏறினா இறங்காது."

எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடிக்காதது சத்தம். நல்ல சுருள் மூச்சு மாதிரி இருக்கவேண்டுமாம், புகை மட்டும் முகில் முகிலாக வரவேண்டுமாம். பட பட என்று வெடித்தால் கட்டியவனுக்கு வெட்கக்கேடு. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நாங்கள் வரிசையில் நின்ற ஒருநாள், வெளியே யாரோ ஒரு இத்தாலியப் பொடியனின் வேப் கொறகொறத்தது. கம்பியரால் தாங்க முடியவில்லை. போய் அதை வாங்கிக் கழற்றி, பஞ்சை மாற்றி, அந்தப் பொடியனைப் பத்துத்தரம் ஊதவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் அவருடைய இலக்கம் கூப்பிட்டு முடிந்துவிட்டது. நான் கத்தினேன். அவர் "இப்ப சத்தம் வருதோ, கேட்டுப்பார்" என்றார்.

கம்பியர் பராமரித்த அந்தக் கிழவரை நாங்கள் சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்போம்; அவருக்கு எண்பது வயது. ஸ்தாசியோனே சென்ட்ராலே, பெரிய ரயில் நிலையம், அதற்குப் பின்னால் தனியாக இருந்தார். கண் ஏறக்குறையப் போய்விட்டது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அந்தக் கோடையில் வலது காலுக்கு இரத்தம் போகிற குழாயும் அடைத்துவிட்டது. செப்டெம்பரில் சத்திரசிகிச்சை. அதுவரைக்கும் சிகரெட் கூடவே கூடாது, பிடித்தால் சிகிச்சை பலிக்காது, பிறகு காலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சிஞ்ஞோரே பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பல்கனியில் ஒன்றைப் பற்றவைத்தார்.

வேப் ஊதலாமா என்று கம்பியர் டொக்டரிடமே போய்க் கேட்டார். அதுவும் மருந்தில்லை, சிகரெட்டை விட்டுத் தொலைக்க உதவுமென்றால் கொஞ்சநாள் ஊதட்டும், நிக்கொட்டினைக் குறைத்துக் குறைத்து அதையும் நிறுத்தவேண்டும் என்று பதில் வந்தது. அன்று பின்னேரம் என் மேசை முழுவதும் கம்பி.

கான்தாலில் கட்டிக் கொண்டுபோனார். சிஞ்ஞோரே ஒருதரம் இழுத்தார். "நியெந்தே!" என்றார். ஒன்றுமே இல்லையாம். ஸ்டீலில் கட்டினார். நியெந்தே. ஜப்பான் பஞ்சு போட்டார், சணல் நார் போட்டார், புகையிலை வாசத் திரவத்தை மூன்றுவிதமாகக் கலந்தார். ஒவ்வொன்றையும் முதலில் நான் ஊதிப் பார்க்கவேண்டும். அறை முழுக்க மேகம், எனக்கு எதிர்ச் சுவர் தெரியாது. அந்தக் கிழவருக்கோ நியெந்தே. பின்னேரங்களில் அவருடைய பல்கனித் துளசிச் சட்டிக்குள் சிகரெட் சாம்பல் இருக்கும்.

"சிகரெட் பக்கெற்றை ஒளிச்சு வையுங்கோவன், அண்ணை."

"ஒளிக்கிறதோ? அவர் என்ன சின்னப்பிள்ளையே? அவற்றை வீடு, அவற்றை வாய். தானா விடவேணும்."

"கால் போனாலும் பரவாயில்லையோ?"

அன்று அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை வந்தது. நகரமே கடலுக்குப் போய்விட்டது, கடை ஒன்றும் திறக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு இன்னும் நாலு கிழமை. கம்பியரின் பஞ்சு முடிந்துபோயிற்று. அவருடைய கண் மெல்ல என் சாமித் தட்டுப் பக்கம் போனது. அங்கே, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவரின் கடையில் வாங்கிய விளக்குத்திரிப் பெட்டி இருந்தது.

"தம்பி, உதைத் தா."

"அண்ணை, அது சாமிக்கு வாங்கினது!"

"சாமிக்கு ரெண்டு கண்ணும் வடிவாத் தெரியும். ஒருநாளைக்கு லைற்றைப் போட்டுக் கும்பிடு."

என்னுடைய சோற்றுப் பானையிலேயே அந்தத் திரிகளை அவித்து, காயவைத்து, கட்டினார். அன்று எனக்கு வேலை இல்லாததால் சிஞ்ஞோரே வீட்டுக்கு நானும் கூடவே போனேன். விளக்குத்திரி இறுக்கி முறுக்கியிருந்ததால் திரவத்தை ஒழுங்காகக் குடிக்கவில்லை. பட்டனை அமத்தியதும் சட சட, பட் பட் என்று ஒரே வெடி. கம்பியர் கண்ணை மூடிக்கொண்டார். பிடுங்கக் கையை நீட்டினார்.

சிஞ்ஞோரே கொடுக்கவில்லை. அதைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மறுபடி அமத்தினார். சட சட. வாயில் வைத்து ஆழமாக இழுத்து, முகமெல்லாம் சிரித்தார்.

"எரியுது!" என்றார் தன் மொழியில். "சிகரெட்டைப் பற்றவைத்தால் தாள் எரிகிற சத்தம் கேட்கும். அதை வைத்துத்தான் நான் பிடிக்கிறேன். நீ தந்ததெல்லாம் எரிகிறதா அணைந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? பேனையைச் சூப்புகிற மாதிரி இருந்தது."

திரும்பி வரும்போது பஸ்ஸால் இறங்கியதும் கம்பியர் சொன்னார்.

"கண் தெரியாத மனிசனுக்கு ஒரு மாசமா முகில் காட்டியிருக்கிறன், தம்பி. ரெண்டு வருசமா அவற்றை கையைப் பிடிச்சு நடத்திறவன் நான்."

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் திரிப் பெட்டியை எடுத்து அவருடைய கம்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து காலை ஐந்தரைக்கு எழும்பிப் பழுதான சுருள் கட்டத் தொடங்கினார். அது லேசான வேலை இல்லை. பத்து வருடம் பழகிய கை தன்பாட்டில் நன்றாகக் கட்டிவிடும். "அறுவான், திரும்பவும் சரியா வந்திட்டுது!" என்று குசினியில் அவர் தலையில் அடிப்பது என் படுக்கைக்குக் கேட்கும். ஊதிப் பார்ப்பார், சத்தம் இல்லை, அவிழ்ப்பார். திரும்பக் கட்டுவார். நல்லாய் வெடித்தால் ஒரு பெருமூச்சு விட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். நிக்கொட்டினையும் சொட்டுச் சொட்டாகக் குறைத்தார், குறைக்கும்போதெல்லாம் சிஞ்ஞோரேயிடம் சொல்லிவிட்டுத்தான் குறைத்தார். துளசிச் சட்டியில் சாம்பல் நின்றுபோயிற்று. செப்டெம்பரில் திரவத்தில் வெறும் வாசம்தான் மிச்சம், அதையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழமை சிஞ்ஞோரே தானாகவே அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

நொவெம்பரில் ஒருநாள் காலை பல்லரோச் சந்தைக்குள்ளால் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மீன் பெட்டிகளுக்கு நடுவே எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் கையில் தடி. மற்றவர் கம்பியர், ஈரத் தரையைப் பார்த்துப் பார்த்து, "இஞ்சை ஒரு படி, இப்ப தண்ணி" என்று இத்தாலியனும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டு போனார். சிஞ்ஞோரேயின் இரண்டு காலும் மெதுவாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எனக்கு நேரம் போயிருந்தது, நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா ஏசுவா. இருந்தாலும் அவர்களை முந்த எனக்கு மனம் வரவில்லை, சந்தை முடியும் வரைக்கும் பின்னாலேயே நடந்தேன்.