பேன்ட்டுக்குப் பணயமாக ஒரு மீசை

"இந்த பேன்ட்டைப் போட்டுக்கிட்டுத்தான் உன் கல்யாணத்துக்கு வருவேன். முடியலைன்னா மீசையை எடுத்துடுறேன்!"

சபதம் போட்டவர் தையல்காரர். கேட்டுச் சிரித்தவன் அவர் மச்சான், மனைவியின் தம்பி. அந்த பேன்ட், தையல்காரர் தன் கல்யாணத்துக்குத் தானே தைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு இடுப்பு இருந்தது. இப்போது அந்த இடத்தில் வயிறு இருக்கிறது.

"எதுக்குங்க இந்த வீம்பு? வேற பேன்ட் தைச்சுக்கலாமே," என்றாள் மனைவி.

"மாத்த வேண்டியது பேன்ட்டை இல்லடி, என்னை!"

மறுநாள் விடியலில் ஓட ஆரம்பித்தார். தெரு நாய்கள் முதலில் துரத்தின, பிறகு பரிதாபப்பட்டு விட்டுவிட்டன. ஓட்டம் தெருவோடு நிற்கவில்லை, வீட்டிலும் உட்காரவே மாட்டார். நின்றுகொண்டே சாப்பிட்டார், அதுவும் குருவி கொத்துகிற அளவு. பசியெல்லாம் கோபமாக வந்தது. அளவு கொடுக்க வந்தவரிடம், "இவ்வளவு தொப்பையோட எப்படிய்யா வெக்கமில்லாம நிக்கிற?" என்று சீறினார். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்தார். சாயங்காலம் மனைவியோடு உட்கார்ந்து டீ குடித்தபடி ஊர்வம்பு பேசுவாரே, அதுவும் போச்சு. அவள் இரண்டு டம்ளர் எடுப்பாள். ஒன்றை மறுபடி உள்ளே வைப்பாள்.

பேன்ட் மட்டும் மசியவில்லை. பொத்தானும் துளையும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி தள்ளியே நின்றன. கண்ணாடி முன் மீசையைத் தடவி, "போயிடுவியாடா?" என்று அதனிடமே கேட்டார். அது மனைவி காதில் விழுந்தது.

அன்றிலிருந்து ஒரு அதிசயம். அவர் ஓடிவிட்டு வந்ததும் வாசலிலேயே இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

"ஐயே, வேர்வைடி!"

"இருக்கட்டும். இளைச்சு அழகாயிட்டீங்க."

சில நாளில் பொத்தான் துளையைத் தொட்டது. பிறகு உள்ளேயே நுழைந்தது. தையல்காரர் துள்ளினார்.

"அதான் இளைச்சாச்சே, இனிமே ஓட வேணாம். சாயங்காலம் என்கூட மெதுவா நடங்க, போதும்," என்றாள் மனைவி.

நடந்தார். டீ குடித்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்துக் கடை சலூன்காரருக்கு உபதேசம் வேறு: "மனசு வெச்சா உடம்பு சொன்னபடி கேக்கும்யா!" வாசலில் கட்டிப்பிடிப்பதும் தினமும் தொடர்ந்தது. வயிறு பழையபடி வளர்ந்தது. பேன்ட் அதற்கும் இடம் கொடுத்தது! ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவர், தன் பேன்ட்டின் பின்பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

கல்யாணத்தில் மச்சான் முன் போய் மீசையை முறுக்கினார்.

"ஒத்துக்கிறேன் மாமா!"

விருந்தில் இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டார். கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தார். டர்ர்ர்! மனைவி பாய்ந்து வந்து முதுகோடு ஒட்டிக்கொண்டாள். இருவரும் ரயில் பெட்டி மாதிரி வாசல்வரை போனார்கள். "அக்காவுக்கு மாமா மேல என்ன பாசம்!" என்று மச்சான் நெகிழ்ந்தான்.

வீட்டுக்கு வந்து பேன்ட்டை உள்புறம் திருப்பினார். பின் தையலைப் பிரித்துப் பிரித்துத் தள்ளிப்போட்ட தடம். நெருக்கமான, நேரான தையல். அவருக்கே வராத தையல்.

"யாரு வேலை இது?"

"நான்தான். நீங்க அந்தப் பக்கம் போனதும் உங்க மெஷின்லயே போட்டேன். மீசை இல்லாத மூஞ்சியை நான்ல தினமும் பாக்கணும்?"

"அப்ப நான் இளைக்கவே இல்லையா?"

"ஏறியிருக்கீங்க. தையலுக்கு உள்ள மடிச்சிருந்த துணியெல்லாம் பிரிச்சு விட்டாச்சு. அதான் கிழிஞ்சுடுச்சு."

அலமாரியிலிருந்து ஒரு புது பேன்ட்டை நீட்டினாள். போட்டார். பொத்தான் தானாகப் போய் உட்கார்ந்தது. அவரும் உட்கார்ந்தார். எத்தனையோ மாதம் கழித்து மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. கண்ணாடியில் ஒரு தொப்பை, ஒரு மீசை. பார்க்க ஒன்றும் மோசமில்லை.

"சரி, இதுதான் நான். இப்படியே இருந்துட்டுப் போறேன். ஆமா, அளவே எடுக்காம எப்படித் தைச்சே?"

"அதான் தினமும் வாசல்ல வெச்சு எடுத்தேனே."

தையல்காரர் முகம் தொங்கிப்போனது. அவள் சிரித்துக்கொண்டே மறுபடி இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

"இதாவது ஆசையில பிடிச்சதுதானே?"

"மூச்சைப் பிடிக்காம நில்லுங்க. இது சட்டைக்கு."