பாரூர் ஏரியில் ஒரு மதியச் சாப்பாடு

சூளகிரியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். காலையில் ஓசூரில் ஒரு லேத் பட்டறையை விட்டுக் கிளம்பியவன், பாதித் தூரம் செங்கல் லாரியிலும் மீதித் தூரம் காலிலுமாக அங்கே வந்து சேர்ந்திருந்தேன். கிளம்பியவன் என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறேன். லேத் ஓட்டத் தெரியும் என்று சொல்லி உள்ளே நுழைந்த ஆள் நான். மூன்றாம் நாள் நான் கடைந்து கொடுத்த இரும்புத் தண்டைச் சூப்பர்வைசர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது முருங்கக்காயாடா, கத்தரிக்காயாடா?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் நிற்கவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. அப்புறம் ஏழு வருடத்தில் பதினோரு வேலை. எல்லா வேலையையும் "தெரியும்" என்று சொல்லித்தான் வாங்கினேன். (தெரியாது என்றால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். தெரியும் என்றால், குட்டு வெளிப்படும் வரைக்கும் சோறு உண்டு. பசித்தவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?)

அப்போது நெடுஞ்சாலையை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மண்மேட்டுக்குப் பக்கத்தில் பழைய அம்பாசடர் கார் ஒன்று நின்றிருந்தது. அதன் கூரைமேல் ஒரு பரிசல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கார் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு வெயிலுக்கு ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது. கயிறு அறுந்து, பரிசல் ஒரு பக்கம் சரிந்திருக்க, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் ஒற்றைக் கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காருக்குள் இருந்த அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் லாரியில் லோடு கட்டியவன். முடிச்சுப் போடுவது மட்டும் எனக்கு நிஜமாகவே தெரியும். இரண்டு நிமிடத்தில் கட்டிக் கொடுத்தேன். பெரியவர் அசந்துபோனார்.

"கார் ஓட்டுவியால?"

"ஓட்டுவேன் சார்." (இதிலும் முக்கால்வாசி உண்மை.)

"பரிசல் போடத் தெரியுமா?"

இங்கேதான் நாக்கு என்னைக் கேட்காமல் கிளம்பியது. "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எனக்கு ஊரே ஒகேனக்கல்தான். நடக்கறதுக்கு முன்னாடியே துடுப்புப் புடிச்சவன் நானு."

என் ஊர் விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம். தண்ணீர் லாரி வந்தால்தான் நாங்கள் தண்ணீரை மொத்தமாகப் பார்ப்போம்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, சாப்ட்டியா? மொகத்தப் பாத்தா சாப்ட்ட மாதிரி தெரியலியே" என்று பாதி ஆரஞ்சை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பெரியவர் பெயர் ஆரோக்கியசாமி. தூத்துக்குடிக்காரர். ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் மெஷின் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா லூர்து மேரி, கிருஷ்ணகிரிப் பக்கம். அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு ஷிப்ட், இவருக்கு ஒரு ஷிப்ட். அவர் வீட்டுக்கு வரும்போது இவர் படியிறங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில்தான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததாம், அங்கேயும் பேசக்கூடாது. ஓய்வு பெற்ற கையோடு இந்தக் காரையும் இந்தப் பரிசலையும் வாங்கிவிட்டார்கள். மாதத்துக்கு நாலு நாள், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஏரி ஏரியாக, அணை அணையாகச் சுற்றுவார்கள். அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: மதியச் சாப்பாடு தண்ணீருக்கு நடுவில்தான்.

"கரையில ஒக்காந்தா யாராச்சும் கூப்புட்டுடுவாங்க. இவரு எழுந்து ஓடிடுவாரு" என்றார் அம்மா.

போன மாதம் சாருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஸ்டீரிங் திருப்பினால் வலி. துடுப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பாரூர் ஏரி" என்றார் சார். "அம்மாளப் பத்திரமா கூட்டிட்டுப் போயி, சாப்பிட வச்சு, கரையில கொண்டாந்து சேத்துட்டேன்னா நீ நம்ம ஆளு. ஓசூர்ல வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்கு. அதுல இருந்துக்கிடு."

நான் எந்த வேலைக்கும் ஆசைப்பட்டுப் போனவன் அல்ல. இந்த வேலைக்கு ஆசைப்பட்டேன். ஊர் சுற்றியதற்காக என்னை இதுவரை எல்லோரும் திட்டித்தான் இருக்கிறார்கள். சுற்றுவதையே வேலையாகக் கொடுத்து, படுக்க இடமும் கொடுக்கிறேன் என்று சொன்னவர்கள் இவர்கள்தான். அந்த ஏரியை மட்டும் எப்படியாவது தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அன்று மாலை நாகரசம்பட்டியில் அம்மாவின் தங்கை வீட்டு மாந்தோப்பில் இறங்கினோம். சார் பரிசலை இறக்கச் சொல்லி, "லேசா ஒரு எடத்துல கசியுது. தார் பூசணும். எப்படின்னா..." என்று ஆரம்பித்தார்.

"சார், எங்க ஊருல கொழந்த பொறந்தா தேன் வெக்க மாட்டாங்க, தார்தான் வெப்பாங்க. நீங்க போயி பேப்பர் படிங்க."

அவர் போய்விட்டார். நான் பரிசலைச் சுற்றி வந்தேன். வெளிப்பக்கம் சாக்குப் போர்த்தி, ஏற்கெனவே கன்னங்கரேல் என்று தார் பூசியிருந்தது. உள்பக்கம் வெறும் மூங்கில் பின்னல். என் மூளை வேலை செய்தது. வெளியே தார் இருந்தும் கசிகிறது. ஆகவே குறை வெளியே இல்லை. தண்ணீர் எட்டிப் பார்ப்பது உள்ளே. ஆகவே பூசவேண்டியது உள்ளே. (எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்.)

ஊருக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கெஞ்சி ஒரு டின் நிறையத் தார் வாங்கிவந்து, உள்பக்கம் முழுவதும், மூங்கில் ஒரு விரற்கடை தெரியாதபடி பூசினேன். கஞ்சத்தனமே கிடையாது. அடைக்குத் தடவும் வெண்ணெய்போல் தாராளமாகத் தடவினேன்.

காலையில் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் திரும்பி வர மறுத்தது. அந்த நேரத்தில் சாரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் தோப்புக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே கிடந்த கோரைப்பாய் இரண்டை எடுத்துவந்து தாரின்மேல் அழகாக விரித்தேன்.

"பாயெல்லாம் போட்டிருக்கியே!" என்று அம்மா நெகிழ்ந்துபோனார்.

"நீங்க ஒக்காரணுமேம்மா."

"இது வரைக்கும் இவருக்குத் தோணுச்சா பாரு."

சார் மூக்கை உறிஞ்சி, "வாசம் தூக்குதே லே" என்றார்.

"புதுசுல அப்படித்தான் சார்."

பாரூர் ஏரிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. சித்திரை வெயில். ஏரியில் பாதிதான் தண்ணீர். ஆனால் தண்ணீர் பார்க்காத ஊர்க்காரனுக்கு அது கடல். அம்மா அடுக்குக் கேரியரோடு ஒரு பாயில் உட்கார்ந்தார். சார் எதிரே இன்னொன்றில். நான் பாயின் ஓரத்தில் மண்டியிட்டுத் துடுப்பைப் போட்டேன்.

பரிசல் சுற்றியது.

இடது பக்கம் போட்டால் வலமாகச் சுற்றியது. வலது பக்கம் போட்டால் இடமாகச் சுற்றியது. நல்லவேளையாகக் காற்று கரையிலிருந்து வீசியது. அது எங்களை மெதுவாக ஏரி நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போக, நான்தான் கொண்டுபோகிறேன் என்று சார் நினைத்துக்கொண்டார்.

"ஏன்ல சுத்திக்கிட்டே போற?"

"ஒகேனக்கல் ஸ்டைல் சார். நாலு பக்கமும் பாத்துக்கிட்டே போலாம்."

அம்மா சுற்றுகிற பரிசலில் நிதானமாகக் கேரியரைத் திறந்தார். எலுமிச்சம்பழ சாதம், வாழைக்காய் வறுவல், தயிர் சாதம், மாங்காய்த் தொக்கு. முதலில் எனக்குத்தான் தட்டு நீட்டினார். துடுப்பைப் பரிசலின் விளிம்பில் வைத்துவிட்டு அள்ளி விழுங்கினேன். சார் எப்போதும்போல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கை கழுவ ஓரத்துக்கு நகரப் பார்த்தார். நகரவில்லை.

இன்னொரு தடவை முயன்றார். அவருடைய முகம்தான் முன்னால் வந்தது. மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏட்டி லூர்து, என்னய யாரோ பிடிச்சு வச்சிருக்காவ."

அம்மா எழப் பார்த்தார். அவரும் எழவில்லை. புடவை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பாய் இழைகளுக்கு நடுவிலிருந்து கறுப்பாகக் குமிழி குமிழியாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. கையோடு பரிசலின் உள்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, தார எங்க பூசுன?"

"உள்ளதாம்மா."

முப்பது வருடம் மெஷின் பராமரித்தவர் கழுத்தை மட்டும் திருப்பினார். வானத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "ஏலே, மழைக்குக் கொடைய வீட்டுக்குள்ளயா விரிப்பாவ?" என்றார்.

அப்போதுதான் நான் துடுப்பைத் தேடினேன். அது எப்போதோ நழுவி, பத்தடி தூரத்தில் எங்களைவிட நேராக மிதந்து போய்க்கொண்டிருந்தது. குதித்து எடுக்கலாம் என்றால் எனக்கு நீச்சல் தெரியாது. போதாக்குறைக்கு மண்டியிட்ட இடத்தில் பேண்ட் பிடித்துக்கொண்டுவிட்டது. சாரின் செல்போனில் டவர் இல்லை.

"அம்மா" என்றேன். "எனக்கு ஊரு ஒகேனக்கல் இல்லம்மா. பரிசல கிட்டக்கப் பாக்கறதே நேத்துதான்."

"அது ஏறுன ஒடனே தெரிஞ்சிபோச்சி. பசியில இருக்கிற புள்ள, சாப்டட்டும்னு பாத்தன்" என்றார் அம்மா. பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் போட்டுக்குங்க. இன்னைக்கு எங்கியும் எழுந்து ஓட முடியாது" என்றார். சார் மறு பேச்சில்லாமல் தட்டை நீட்டினார். அவர்கள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் சாப்பிட்டார்கள். பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் மட்டும் மண்டியிட்ட நிலையில், கரையைப் பார்த்து, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் எங்களைப் பார்த்தார். நீந்தி வருவார், அல்லது படகில் வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் நடந்து வந்தார். பீடியை அணைக்காமல், லுங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். பரிசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டவில்லை.

"இடுப்பளவு தண்ணியில எதுக்குப்பா இந்தக் கூப்பாடு? எறங்கி நடக்க வேண்டியதுதான?"

"எறங்க முடியாதுங்க" என்றேன்.

உள்ளே எட்டிப் பார்த்தார். பீடி தண்ணீரில் விழுந்தது. அவர் பெயர் முனியப்பன். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கயிற்றைப் பிடித்து எங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார், சந்தைக்கு மாட்டை ஓட்டிப் போவதுபோல.

கரையில், வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். முனியப்பன் அரிவாளால் பாயைச் சுற்றி அறுத்தார். அம்மா முதுகுக்குக் கீழே ஒரு முழப் பாயோடு ராணி மாதிரி இறங்கி நடந்தார். சார் வேட்டியைப் பரிசலுக்கே தானம் கொடுத்துவிட்டு, முனியப்பனின் துண்டோடு இறங்கினார். என் பேண்டின் இரண்டு முழங்கால்களும் உள்ளேயே தங்கிவிட்டன.

"அக்கா, இது எந்த ஊரு பேஷனு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒகேனக்கல்லு" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

முனியப்பன் வீட்டில் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். தாரைத் துடைத்து, அவர் மனைவியின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அம்மா வெளியே வந்தபோது நான் புளியமரத்தடியில் நின்றிருந்தேன்.

"அம்மா, கார் மட்டுமாச்சும் ஓட்டறேன்மா."

சார் அம்மாவைப் பார்த்தார். அவருக்கு மனசு இளகியிருந்தது. அம்மாவுக்கு இல்லை.

"பரிசல் தெரியாதுன்றது ஒண்ணுமில்ல தம்பி. கத்துக்கலாம். பொய் சொன்ன, அதுகூட வயித்துக்காகச் சொன்ன. ஆனா காலைல தாரு ஒட்டுதுன்னு தெரிஞ்சுதான பாயப் போட்டு மூடுன? வார்டுல இப்படிப் புண்ண மூடி வெச்ச ஆளுங்கள நான் பாத்திருக்கன். உன்ன பக்கத்துல வெச்சிக்க எனக்குப் பயமா இருக்குது."

திட்டியிருந்தால் பரவாயில்லை. பதினோரு இடத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன், எதுவும் நினைவில்லை. இது நினைவிருக்கிறது.

முனியப்பனின் மச்சான் டிராக்டர் ஓட்டுபவர். அவரே அம்பாசடரை ஓட்டிக்கொண்டு போனார். பரிசலை மட்டும் அங்கேயே விட்டுப் போனார்கள்; சுத்தம் செய்து வைத்தால் அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. போகும்போது அம்மா மிச்சமிருந்த தயிர் சாதத்தை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறினார். உட்காரும் முன் சீட்டைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பழக்கம் பிறகு அந்தக் குடும்பத்துக்கே தொற்றிவிட்டதாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாப்பிட உட்காரும் முன், பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள் என்று சார் பிற்பாடு சொன்னார். என் வீட்டு நிலைமை இன்னும் மோசம். நான் எதைப் பற்றியாவது "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால், என் மனைவி பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்கிறாள்.

அன்று இரவு அந்தப் புளியமரத்தடியிலேயே படுத்தேன். மறுநாள் காலை முனியப்பன் என்னை எழுப்பினார். "எங்கியாச்சும் போறியா, இல்ல வேல செய்றியா?" என்று கேட்டார். வேலை செய்கிறேன் என்றேன். ஒரு டின் மண்ணெண்ணெயும் ஒரு தேய்ந்த கரண்டியும் கையில் கொடுத்து, "அந்தப் பரிசலு உள்ள இருக்கற தார பூராஞ் சொரண்டி எடு. மூணு வேளையும் சோறு" என்றார். என் பன்னிரண்டாவது வேலை. வெளியே நின்று குனிந்து சுரண்டினால் இடுப்பு வலிக்குமே என்று, வசதியாக உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.