கால் மைல் வீரன் கார் தேர்ந்த படலம்

"ரெண்டு கதவு போதும் மாமா, அப்பதான் அது ரேஸ் காரு—"

"கதவாடா ஓடப்போகுது? எஞ்சின் மாப்ளே, எஞ்சின்—"

"பார்க்க லட்சணமா இருக்க வேணாமா?"

"லட்சணம் பார்த்து எடுத்தா என்னாகும்னு உங்க அக்காவைக் கேளு!"

வாழ்க, கடைசல் பட்டறையின் காவலன்! மயிரிழையை நான்காய்ப் பிளந்து அளக்கும் விரலோன், கால் மைல் நேர்சாலையில் கனவிலே நானூறு முறை வென்று நனவிலே ஒருமுறையும் ஓடாத பெருந்தகை! மைத்துனனோடு மூன்று மாதமாய் அவன் பொருத சொற்போரின் இறுதி நாள் அன்று. அந்திக்குள் பந்தயச் சங்கத்துக்கு விண்ணப்பம் போயாக வேண்டும். வண்டியின் பெயர் எழுதும் கட்டமோ பாழ்வெளியாய்க் கிடந்தது. தவறினால் இன்னோராண்டும் வேலிக்கு வெளியே நின்று புகை குடிக்க வேண்டியதுதான்.

சங்கத்தின் விதியோ சக்கரவியூகம். எஞ்சின் கம்பெனியில் பிறந்தபடியே ஓட வேண்டும். அதன் குதிரைத்திறன் இவ்வளவு என்று சங்கமே ஏட்டில் எழுதி, அந்த எண்ணுக்கு ஒத்த வண்டியோடு மோதவிடும். ஆகவே ஏட்டில் பசுவாயும் சாலையில் புலியாயும் இருக்கும் வண்டிக்கே வெற்றி. சுயம்வர மண்டபத்து மன்னரெனப் பட்டியல் காகிதத்தில் வரிசையாய் நின்ற புதுக் கார்களுள், செம்மேனி இருகதவர் ஏட்டிலேயே மீசை முறுக்கியதால் வீழ்ந்தனர்; மெல்லுடல் குட்டியர் மூச்சு போதாமல் வீழ்ந்தனர்; எஞ்சியது ஒன்று. நான்கு கதவு, அகன்ற இடுப்பு, யானை எஞ்சின், சங்கம் ஏமாந்து குறைத்தெழுதிய எண்!

"மாமா," என்றான் மைத்துனன் காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "இதோட பானெட்மேலதான் நாம பேப்பரை விரிச்சிருக்கோம்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு மூன்று திங்கள் நெய்க்கு அலைந்த தன் கூர்மதியை, வீரன் நெற்றியில் அறைந்து பாராட்டிக்கொண்டான்.

அக்கணம் வீட்டுக் கதவு திறந்தது. வெண்சீருடை துலங்க, சாவி கலகலக்க, வேலைக்குப் புறப்பட்டு எழுந்தருளினாள் அக்காரின் உடையவள், ஆஸ்பத்திரி நர்ஸ், வீரனின் இல்லக்கிழத்தி. பேனாவை வாளென உயர்த்தி அவன் முழங்கினான்:

"உன் காரு சாதாரண காரு இல்ல! உள்ள, உருண்டாலும் நசுங்காம இருக்க ஒரு இரும்புக் கூண்டு, பின்னால ரெண்டு ரேஸ் டயரு, அவ்வளவுதான். நாளைக்கே பட்டறைக்கு ஏத்திடறோம். ஊரே திரும்பிப் பார்க்கும்!"

அவள் பானெட்மேலிருந்த காகிதங்களை ஒதுக்கி, அடுக்கி, தம்பியின் கையில் கொடுத்தாள்.

"சரி, நாளையிலேருந்து நான் வேலைக்கு எதுல போறது?"