செல்மர் அத்தானின் அடக்கத்துக்கு நாங்கள் வந்து சேராத காரணம்

பெரிய மனது படைத்த தோர்டிஸ் அக்காவின் சமூகத்துக்கு, தம்பி ஆர்விட் தலைகுனிந்து எழுதுவது. நலமா என்று கேட்க நாக்கு கூசுகிறது. புருஷனைப் பறிகொடுத்த வீட்டில், சொந்தத் தம்பியும் கொழுந்தனும் அடக்கத்துக்கு வராமல் போனால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். ஏசுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு ஏசுங்கள்.

செவ்வாய்க் காலை நானும் உங்கள் கொழுந்தன் ஓர்லினும் என் பிக்கப் வண்டியில் கிளம்பியபோது வானம் துடைத்த மாதிரி இருந்தது. நீங்கள் சொல்லிவிட்ட பன்றித்தொடைக் கறி, சர்ச்சுக்கு மெழுகுவர்த்திகள், மலர்வளையம் எல்லாம் பின்சீட்டில். பாதி வழியில் வடமேற்கே சாம்பல் சுவர் மாதிரி ஒரு பனிப்புயல் எழுந்தது. நான் "திரும்பிடலாமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் வண்டியின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை, சாலை எது வயல் எது என்று புரியவில்லை, பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றுவிட்டோம். ஓர்லின் உடனே கதவில் கை வைத்தான்.

"மச்சான், அந்தா ஒரு வீடு. இப்பதான் பார்த்தேன். கூப்பிடு தூரம்."

"ஒரு மண்ணும் தெரியல. உக்காருடா."

"எங்கண்ணன் அங்க பெட்டிக்குள்ள கிடக்கான், என்னைய இங்க உக்காரச் சொல்றியா?"

இறங்கிவிட்டான் அக்கா. நாலு எட்டு வைத்திருப்பான், ஆளைக் காணோம். நான் ஹாரனில் முழங்கையை ஊன்றி, எடுக்கவே இல்லை. கர்த்தாவே, ஒரே குடும்பத்தில் ஒரே வாரத்தில் இரண்டா என்று வாய்விட்டுக் கேட்டேன். வெகுநேரம் கழித்து யாரோ வண்டியின் பின்பக்கத்தை அறைந்தார்கள். இமையெல்லாம் பனிக்கட்டியாக ஓர்லின் உள்ளே வந்து விழுந்தான். "அந்தச் சத்தம் மட்டும் இல்லேன்னா..." என்றான். 

பிறகு நாங்கள் செய்ததையெல்லாம் நீங்கள் மன்னிக்க வேண்டும். மலர்வளையத்தின் சிவப்பு நாடாவை அவிழ்த்து ரேடியோ கம்பியில் கட்டினேன். சர்ச் மெழுகுவர்த்தியைக் காப்பி டப்பாவுக்குள் ஏற்றி விரல்களைச் சூடுபடுத்தினோம். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவதும் அணைப்பதுமாக இருந்தோம். ஓட்டும் முன்பெல்லாம் கதவைப் பிடித்தபடியே பின்னால் போய், புகைக்குழாயை அடைத்த பனியைத் தோண்டினேன். இல்லாவிட்டால் புகை உள்ளே திரும்பி, இருவரும் தூக்கத்திலேயே அத்தானைப் பார்க்கப் போயிருப்போம். காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரற்கடை இறக்கி வைத்தோம். கறியையும் தின்றோம். முழுவதையும்.

"தூங்காத மச்சான். எதையாச்சும் பேசு."

"உங்கண்ணனுக்கு ஜெபமாவது பண்ணுவோம்."

பண்ணினோம் அக்கா. பாட்டும் பாடினோம், இரண்டாம் சரணம் இருவருக்கும் தெரியாததால் முதல் சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடினோம். ஓர்லின் எழுந்து இரங்கல் உரை சொல்கிறேன் என்று கூரையில் தலையை இடித்துக்கொண்டான். "எங்கண்ணன் நல்லவன். என் கல்யாணத்தன்னிக்கி மட்டும் கொஞ்சம் குடிச்சிருந்தான். ஆமென்" என்றான்.

விடிந்து காற்று ஓய்ந்ததும், நாடாவைப் பார்த்துவிட்டு ஒரு பண்ணைக்காரர் மண்வெட்டியோடு வந்தார். வீடு நிஜமாகவே கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஓர்லின் நடந்த திசையில் இல்லை, அவ்வளவுதான். அந்த வீட்டு அடுப்படியிலிருந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு காது தோலுரிந்திருக்கிறது, அவனுக்குக் கால்விரல் இரண்டு கறுத்திருக்கின்றன. டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது.

கடைசியாக ஒரு முறை அத்தான் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆண்டவர் உங்களைத் தேற்றுவாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்கத் தகுதியற்ற தம்பி,
ஆர்விட்

பின்குறிப்பு: பனி தள்ளும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்துவிடப் போனேன். உங்கள் ஊரிலிருந்துதான் வருகிறாராம். "எந்த அடக்கம்? சர்ச் வாசலே பனிக்குள்ள கெடக்கு, பாதிரியாராலயே வெளிய வர முடியல. சனிக்கிழமைக்குத் தள்ளி வச்சாச்சு" என்றார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகளையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஓர்லின், இதைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கி அழுகிறான். பெட்டி தூக்க வேறு ஆள் சொல்லிவிடாதீர்கள் அக்கா. தலைமாட்டில் அவன், கால்மாட்டில் நான்.